பி.இ. மலிவாகத் தெரிந்தால் கொஞ்சம் நில்லுங்கள்: தொழில்துறை, போக்குவரத்துப் பங்குகளைத் தேர்ந்தெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் வாங்கிய போக்குவரத்துப் பங்கு ஒரு கப்பல் நிறுவனத்துடையது. பி.இ. விகிதம் (பங்கின் விலை, ஒரு பங்குக்கான வருட லாபத்தைப்போல எத்தனை மடங்கு என்பது) 4, டிவிடெண்ட் பங்கு விலையில் 10 சதவீதத்துக்கு மேல், மூன்று வருடமாக லாபம் ஏறுமுகம். இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக் கையிலிருந்த சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டேன். அடுத்த ஒன்றரை வருடத்தில் சரக்குக் கட்டணம் சரிந்தது, லாபம் நஷ்டமானது, டிவிடெண்டை நிறுத்தினார்கள், பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. அந்த நிறுவனம் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லா எண்களும் ஆண்டறிக்கையிலேயே இருந்தன; எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கங்களைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன். சோப்பு, பற்பசை விற்கும் நிறுவனங்களை எடைபோடும் அளவுகோலை அப்படியே தூக்கிக்கொண்டு இந்தத் துறைக்குள் வரக்கூடாது. இங்கே பங்கு மலிவாகத் தெரியும் நேரம் பல சமயம் லாபம் உச்சத்தில் இருக்கும் நேரம், அதாவது இறங்கப்போகிற நேரம். இது மனதில் பதிந்துவிட்டால் மீதிப் படிகள் தானாகப் புரியும்.

முதல் படி: என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்வது

நிறுவனங்களைத் துறைவாரியாகப் பிரிக்க உலகில் பரவலாகப் பயன்படும் ஜிக்ஸ் (GICS) என்ற முறையில் போக்குவரத்து என்பது தனித்துறை கிடையாது, தொழில்துறையின் கீழேதான் வரும். அதன் கீழ் மூன்று குழுக்கள்: இயந்திரம், விமான பாகம், மின்சாதனம், கட்டுமானம் எல்லாம் அடங்கிய மூலதனப் பொருட்கள் ஒன்று, குப்பை அகற்றுவது, பாதுகாப்பு, ஆலோசனை போன்ற வணிகச் சேவைகள் இரண்டாவது, ரயில், லாரி, கப்பல், விமானம், பார்சல், துறைமுகம், விமான நிலையம் சேர்ந்த போக்குவரத்து மூன்றாவது. கார் தயாரிப்பாளர்கள் இதில் இல்லை, அவர்களை நுகர்வோர் துறையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் கனரக லாரி தயாரிப்பவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "தொழில்துறைப் பங்கு" என்ற ஒரே பெயருக்குக் கீழே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வியாபாரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. குப்பை லாரி ஓட்டும் நிறுவனத்துக்குப் பொருளாதாரம் படுத்தாலும் வாராவாரம் வேலை இருக்கும். சுரங்கத்துக்கு மண்வாரி இயந்திரம் விற்கும் நிறுவனத்துக்குத் தாமிர விலை விழுந்தால் இரண்டு வருடம் ஆர்டரே வராது. எந்தப் பங்கைப் பார்த்தாலும் முதலில் ஒரு தாளில் இதை எழுதுங்கள்: இவர்கள் விற்பதை யார் வாங்குகிறார்கள், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வாங்குகிறார்கள், கையில் காசு இல்லாவிட்டால் அதைத் தள்ளிப்போட முடியுமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் "முடியும்" என்றால் அது சுழற்சிப் பங்கு, அதாவது பொருளாதாரத்தோடு சேர்ந்து லாபம் ஏறி இறங்கும் பங்கு. சுழற்சிப் பங்கு வாங்கக்கூடாது என்று இல்லை, அதற்கான விலையில் வாங்க வேண்டும்.

இரண்டாம் படி: குறைந்தது பத்து வருட லாபத்தை வரிசையாக எழுதுவது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளைத் தரவிறக்கி, ஒரு பங்குக்கான லாபத்தை வருடவாரியாகக் கையால் எழுதுங்கள். 2008-09 நிதி நெருக்கடி, 2015-16-ல் சரக்கு, சுரங்கத் துறைகளில் வந்த மந்தம், 2020 பெருந்தொற்று ஆகியவற்றை வட்டமிடுங்கள். அந்த வருடங்களில் லாபம் எவ்வளவு விழுந்தது, நஷ்டம் வந்ததா, மீள எத்தனை வருடம் ஆனது என்பதெல்லாம் அந்த ஒரு வரிசையிலேயே தெரிந்துவிடும்.

ஒரு பங்கின் விலை 200, இந்த வருட லாபம் பங்குக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.இ. 5 தான், அள்ளிக்கொள்ளலாம் போலத் தோன்றும். பத்து வருட சராசரியைப் போட்டுப் பார்த்தால் பங்குக்கு 10 தான் வருகிறது. அப்படியானால் நீங்கள் கொடுப்பது 5 மடங்கு இல்லை, 20 மடங்கு. இதே பங்கு மோசமான வருடத்தில் 80-க்கு வரும், லாபம் பங்குக்கு 2 இருக்கும், பி.இ. 40 என்று திரையில் பயமுறுத்தும். சராசரியை வைத்துப் பார்த்தால் அப்போதுதான் 8 மடங்குக்குக் கிடைக்கிறது.

இதற்குக் கப்பல் துறையைப் போல ஒரு பாடம் கிடையாது. நிலக்கரி, இரும்புத்தாது, தானியம் ஏற்றும் கப்பல்களின் கட்டணத்தை அளக்கும் பால்டிக் ட்ரை குறியீடு 2008 மே மாதத்தில் 11,793 புள்ளிக்குப் போனது. அதே வருடம் டிசம்பரில் 663. ஏழே மாதத்தில் 94 சதவீதம் காலி. கண்டெய்னர் கப்பலிலும் இதே கதைதான்: மெர்ஸ்க் நிறுவனம் 2022-ல் சுமார் 29 பில்லியன் டாலர் லாபம் பார்த்தது, அடுத்த வருடமே அது 4 பில்லியனுக்கும் கீழே வந்தது. பங்குச்சந்தை இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டது. லாபம் உச்சத்தைத் தொடும் முன்னரே பங்கு இறங்கத் தொடங்கியிருந்தது. 2022-ல் சில கண்டெய்னர் கப்பல் நிறுவனங்களின் பி.இ. 1, 2 என்றெல்லாம் காட்டியது. அதை மலிவு என்று நம்பி உள்ளே போனவர்கள் நிறைய பேர்.

ஏன் கப்பலில் மட்டும் இவ்வளவு ஆட்டம்? ஒரு கப்பல் ஆர்டர் கொடுத்துக் கைக்கு வர இரண்டு, மூன்று வருடம் ஆகும். கட்டணம் ஏறியிருக்கும்போது எல்லோரிடமும் காசு இருக்கிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுக்கிறார்கள், எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்குகிறது. அந்த நேரம் பார்த்துச் சரக்கு குறைந்தால் ஏலம் விடாத குறையாகக் கட்டணத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். உலகின் பெரிய கண்டெய்னர் நிறுவனங்களில் ஒன்றாக இருந்த தென்கொரியாவின் ஹன்ஜின் 2016-ல் முறிந்தபோது, துறைமுகக் கட்டணம் கொடுக்க வழியில்லாமல் அதன் கப்பல்கள் சரக்கோடு நடுக்கடலில் நின்றன.

மூன்றாம் படி: நூறு ரூபாய் வருமானத்தில் எவ்வளவு செலவு என்று பார்ப்பது

போக்குவரத்து நிறுவனங்களில் ஆபரேட்டிங் ரேஷியோ என்று ஒரு எண் உண்டு. வருமானம் 100 என்றால் அதில் எரிபொருள், சம்பளம், பராமரிப்பு, தேய்மானம் எல்லாம் சேர்த்து இயக்கச் செலவு எவ்வளவு என்பதுதான் அது. குறைவாக இருந்தால் நல்லது. பல நிறுவனங்கள் இதைக் காலாண்டு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடும்.

இது வெறும் லாப விகிதம்தானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லாரி நிறுவனத்தின் ரேஷியோ 92, அதாவது 100-க்கு 8 மிச்சம். ஒரு ரயில் நிறுவனத்துடையது 60, மிச்சம் 40. மந்தம் வந்து இருவருமே கட்டணத்தை 5 சதவீதம் குறைக்க வேண்டியதாகிறது, செலவு அப்படியே இருக்கிறது. லாரிக்காரருக்கு வருமானம் 95, செலவு 92, மிச்சம் 3. லாபத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. ரயில்காரருக்கு வருமானம் 95, செலவு 60, மிச்சம் 35. எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது. ஒரே மந்தம், ஒரே அளவு கட்டணக் குறைப்பு, ஆனால் ஒருவர் வங்கி வாசலில் நிற்கிறார், இன்னொருவர் டிவிடெண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு லாரி வாங்கி நாளைக்கே யாரும் தொழில் தொடங்கலாம். புதிதாக ஒரு ரயில் பாதையை நிலம் கையகப்படுத்திப் போடுவது இன்றைக்குக் கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதோடு இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு, அதனால் ஒரே அளவு சரக்குக்கு லாரியைவிடப் பல மடங்கு குறைவான டீசல் போதும்.

அதற்காக ரயில் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். அமெரிக்காவில் பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் நிறுவனம் 1970-ல் திவாலானது. அப்போது கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் பெரும்பாலும் அரசு அமைப்பின் கையில் இருந்தது, நஷ்டத்தில் ஓடும் பாதையை மூடுவதும் எளிதில்லை. 1980-ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் அதைத் தளர்த்திய பிறகுதான் அங்கே சரக்கு ரயில் நல்ல தொழிலானது. தண்டவாளம் அதேதான், சட்டம்தான் மாறியது. ஆகவே நீங்கள் பார்க்கும் நாட்டில் கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கட்டாயம் விசாரியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ரேஷியோ குறைந்துகொண்டே வருகிறது என்றால் எப்படிக் குறைகிறது என்றும் கேளுங்கள். ஆட்களையும் எஞ்சின்களையும் வெட்டிக் குறைத்தால் சில வருடம் எண் அழகாக இருக்கும், அப்புறம் வாடிக்கையாளர் சரக்கு தாமதமாகிறது என்று லாரிக்குப் போய்விடுவார். எனக்கு 58 என்று பெருமை பேசும் நிறுவனத்தைவிட, 62-ல் நின்றுகொண்டு ஏற்றும் சரக்கின் அளவை வருடாவருடம் கூட்டும் நிறுவனம்தான் பிடிக்கும்.

நான்காம் படி: விற்ற பிறகு வரும் காசு

இயந்திரத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. லிப்ட் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டும்போது ஒருமுறை லிப்ட் விற்கிறார்கள், அதில் போட்டி அதிகம், லாபம் குறைவு. ஆனால் அந்த லிப்ட் இருபது, முப்பது வருடம் ஓடும். தொடர்ந்து எண்ணெய் போட்டு, கயிறு பார்த்து, பாதுகாப்புச் சான்று வாங்க வேண்டும். பொருளாதாரம் எப்படி இருந்தாலும் பத்தாவது மாடியில் இருப்பவர் லிப்டை நிறுத்திவிட்டுப் படியேறச் சம்மதிக்க மாட்டார். ஓடிஸ் போன்ற நிறுவனத்துக்கு விற்பனையில் பாதிக்கு மேல் இந்தச் சேவையிலிருந்துதான் வருகிறது, லாபத்தில் அதன் பங்கு இன்னும் பெரிது.

விமான எஞ்சினும் இதே மாதிரிதான். எஞ்சினை மிகக் குறைந்த லாபத்தில், சில சமயம் நஷ்டத்துக்கே கொடுத்துவிட்டு, பல வருடம் உதிரிபாகத்திலும் பராமரிப்பிலும் காசு பார்ப்பார்கள். அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது: பறக்கும் மணிக்கணக்குக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டிருந்தால், விமானம் பறக்காவிட்டால் காசு வராது. 2020-ல் ரோல்ஸ் ராய்ஸ் பட்ட பாடு அதனால்தான்.

ஆண்டறிக்கையில் பிரிவுவாரி கணக்கு என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே போய், புதிய சாதன விற்பனை எவ்வளவு, சேவையும் உதிரிபாகமும் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். சேவைப் பங்கு வருடாவருடம் கூடுகிறது என்றால் அந்த நிறுவனத்தை உங்கள் பட்டியலில் மேலே ஏற்றலாம்.

ஐந்தாம் படி: லாபமும் கையில் வரும் பணமும் ஒன்றா?

இந்தத் துறையில் ஒன்றில்லை, பெரும்பாலும். 25 வருடம் ஓடும் கப்பலை 100-க்கு வாங்கினால் கணக்கில் வருடத்துக்கு 4 தேய்மானம் என்று கழிப்பார்கள். 25 வருடம் கழித்து அதேபோல ஒரு கப்பல் வாங்கப் போனால் விலை 200 இருக்கும். அப்படியானால் இத்தனை வருடமும் தேய்மானம் குறைவாகவும் லாபம் அதிகமாகவும் காட்டப்பட்டிருக்கிறது. சட்டப்படி அது சரிதான், ஆனால் பங்குதாரருக்கு அது முழு உண்மை இல்லை.

பார்க்க வேண்டியது இதுதான். நிகர லாபம் 10, தேய்மானம் 6. தேய்மானம் கணக்கில் மட்டும் கழிவது, கையைவிட்டுப் போகும் பணமில்லை, ஆக இயக்கத்திலிருந்து வந்த பணம் சுமார் 16. பணப்புழக்க அறிக்கையில் மூலதனச் செலவு என்ற வரியைப் பாருங்கள், அங்கே 14 என்று இருக்கிறது. மிச்சம் 2. நீங்கள் 10-ஐ நம்பி விலை கொடுக்கிறீர்கள், உங்களுக்கு உரியது 2 தான். ஒரு வருடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஒரு பெரிய தொழிற்சாலை கட்டியிருக்கலாம். பத்து வருடத்தைக் கூட்டி, மொத்த லாபத்தில் எவ்வளவு உண்மையான பணமாகக் கையில் தங்கியது என்று பாருங்கள். முக்கால்வாசியாவது தங்கியிருந்தால் எனக்குத் திருப்தி. கால்வாசிதான் என்றால் அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் தாண்டிப் போய்விடுவேன்.

பெரிய திட்டங்களை ஒப்பந்தம் எடுத்துக் கட்டும் நிறுவனங்களில் கூடுதல் கவனம் தேவை. அங்கே வேலை எவ்வளவு முடிந்தது என்று நிர்வாகமே மதிப்பிட்டு, அதற்கேற்ப லாபத்தைக் கணக்கில் ஏற்றும். பிரிட்டனின் கரிலியன் நிறுவனம் இப்படித்தான் நீண்டகால ஒப்பந்தங்களில் லாபம் காட்டிக்கொண்டும் டிவிடெண்ட் கொடுத்துக்கொண்டும் இருந்து 2018 ஜனவரியில் கலைக்கப்பட்டது. ஆர்டர் புக் (கையிலிருக்கும் முடியாத ஆர்டர்களின் மொத்தம்) பெரிதாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் மயங்காதீர்கள். வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: கடன்

நல்ல வருடத்தில் எல்லாக் கடனும் சின்னதாகத் தெரியும். இரண்டாம் படியில் வட்டமிட்டீர்களே, அந்த மோசமான வருடத்தின் இயக்க லாபத்தை எடுத்து, இன்றைய வட்டிச் செலவால் வகுத்துப் பாருங்கள். 3 மடங்குக்குக் கீழே வந்தால் நீண்டகாலத்துக்கு வேண்டாம். விமானம், கப்பல், கண்டெய்னர் எல்லாம் குத்தகைக்கு எடுத்து ஓட்டுவது இந்தத் துறையில் வழக்கம். குத்தகையும் கடன்தான், அதையும் சேர்த்தே கூட்டுங்கள். ஓய்வூதியப் பாக்கி இருந்தால் அதையும்.

அமெரிக்காவின் யெல்லோ லாரி நிறுவனத்துக்கு 1924-லிருந்து வரலாறு உண்டு, நாடு முழுக்கச் சரக்கு முனையங்கள் உண்டு, 2020-ல் அரசிடமிருந்து 700 மில்லியன் டாலர் கடனும் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் திவால் மனு. வலைப்பின்னலும் வயதும் கடனுக்கு மருந்தில்லை. முனையங்களைப் போட்டி நிறுவனங்கள் ஏலத்தில் எடுத்துக்கொண்டன.

கடனைப் பார்க்கும்போது நிறுவனத்துக்குள் ஒரு நிதிப் பிரிவு ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஜெனரல் எலக்ட்ரிக் 1896-ல் அமெரிக்கப் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு தொடங்கியபோதே அதில் இருந்த பெயர். விமான எஞ்சினில் உலகத்தரம். ஆனால் அதன் நிதிப் பிரிவு பல வருடம் லாபத்தில் ஒரு பெரிய பகுதியைக் கொடுத்துவந்தது, 2008-ல் அதுவே கழுத்தைப் பிடித்தது, பழைய காப்பீட்டுக் கடமைகளுக்காக 2018-ல் கூட மேலும் 15 பில்லியன் டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. அந்த வருடம் ஜூனில் டவ் குறியீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது. இயந்திரம் விற்கும் கம்பெனி என்று நினைத்து வாங்கியவர்கள் உண்மையில் பாதி வங்கியை வாங்கியிருந்தார்கள்.

விமான சேவை நிறுவனங்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. புதியவர்கள் தொட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. புகழ்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் நிறுவனமான பெர்க்‌ஷயர் 2010-ல் அமெரிக்காவின் பிஎன்எஸ்எஃப் ரயில் நிறுவனத்தை முழுதாக வாங்கி இன்னும் வைத்திருக்கிறது. நான்கு பெரிய விமான நிறுவனப் பங்குகளை 2020-ல் முழுதாக விற்று வெளியேறியது.

ஏழாம் படி: கூடையில் எவ்வளவு, எப்படி

மொத்தச் சேமிப்பில் இந்தத் துறைக்கு நான் ஒதுக்குவது 15 சதவீதம், அதற்குள் ஐந்தாறு பங்குகள். உங்கள் வயதும் சுமையும் வேறாக இருக்கலாம், ஆனால் ஒரே பங்கில் மொத்தத்தில் 4 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். போயிங்கைப் பாருங்கள். பெரிய பயணிகள் விமானச் சந்தையில் உலகில் இரண்டே பேர், வருடக்கணக்கில் ஆர்டர் வரிசை, இதைவிடப் பாதுகாப்பான இடம் எது என்று எல்லோரும் நினைத்தோம். 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு விழுந்து 346 உயிர்கள் போயின. அந்த ரக விமானங்கள் பறக்கத் தடை வந்தது, 2020-ல் டிவிடெண்ட் நின்றது. அந்த உயிர்களுக்கு முன்னால் நம் நஷ்டம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் நம் முதலுக்கு நாம்தான் பொறுப்பு.

ஆறு பங்கு வைத்தால் போதாது, ஆறும் ஒரே சுழற்சியில் ஓடாமல் இருக்க வேண்டும். லாரி தயாரிப்பவர், அவருக்குப் பேரிங் கொடுப்பவர், அந்த லாரியை வாங்கிச் சரக்கு ஏற்றுபவர் என்று மூன்று வாங்கினால் ஒரே பங்கை மூன்று பெயரில் வாங்கியது போலத்தான். ஒரு ரயில், ஒரு லிப்ட் அல்லது எஞ்சின் சேவை, ஒரு குப்பை அகற்றும் நிறுவனம், ஒரு மின்சாதன நிறுவனம் என்று பரப்புங்கள். இத்தனை அறிக்கை படிக்க நேரமில்லை என்றால் இந்தத் துறையின் பங்குகளை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் குறியீட்டு நிதி ஒன்றை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

ஒரே நாளில் முழுதாக வாங்காதீர்கள். நான் ஒதுக்கிய தொகையை ஆறாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு பகுதி வீதம் ஒன்றரை வருடத்தில் வாங்குகிறேன். அதற்குள் ஐந்தாறு காலாண்டு முடிவுகளைப் பார்த்துவிடலாம், நிர்வாகம் சொன்னதைச் செய்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகு

தினமும் விலை பார்க்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஆண்டறிக்கை வந்ததும் நான்கு எண்களை மட்டும் பழைய வரிசையோடு சேர்த்து எழுதுங்கள்: பங்குக்கான லாபம், ஆபரேட்டிங் ரேஷியோ அல்லது இயக்க லாப விகிதம், மூலதனச் செலவு போக மிஞ்சிய பணம், மொத்தக் கடன். அரைமணி நேர வேலை.

விலை பாதியானதற்காக மட்டும் விற்காதீர்கள். பத்து வருடம் வைத்திருந்தால் இந்தத் துறையில் அது ஒருமுறையாவது நடக்கும் என்று முன்பே எதிர்பாருங்கள். நான் விற்பது இரண்டு சமயங்களில். லாபம் உச்சத்தில் இருக்கும்போது நிர்வாகம் கடன் வாங்கி இன்னொரு பெரிய நிறுவனத்தை வளைத்துப் போட்டால் விற்றுவிடுவேன். சராசரி லாபத்தை வைத்துப் பார்க்கும்போது விலை 30 மடங்கைத் தாண்டினால் பாதியைக் குறைத்துக்கொள்வேன்.

அந்தக் கப்பல் பங்கை நான் விற்கவில்லை. பத்து வருட வரிசையை அப்புறம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது, பத்தில் நான்கு வருடம் நஷ்டம், நான் வாங்கிய வருடம்தான் அதுவரை இருந்ததிலேயே உச்சம் என்று தெரிந்தது. அந்தத் தாள் இப்போதும் என் கோப்பில் முதல் பக்கமாக இருக்கிறது. புதிதாக ஒரு பங்கின் வரிசையை எழுதும்போதெல்லாம் அதன் பக்கத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.